பதுளைத் தோட்டங்களில் ரதியின் புலம்பல்: காமன் கூத்து ஏன் இன்னும் வாழ்கிறது?

மலையகத்துத் திருமண வீடுகளில் மணமக்களைப் பார்த்து, "ரதியும் மன்மதனும் போல இருக்கிறார்கள்" என்று முதியவர்கள் சொல்வதைக் கேட்டிருப்போம். மேலதிகாரி ஒருவர் சினந்து விட்டால், "நெற்றிக்கண்ணைத் திறந்து விட்டார்" என்பதும் வீட்டிலும் வேலைத்தலத்திலும் சாதாரணமாக வழங்கும் பேச்சுத்தான். இவ்விரு வழக்குகளும் ஒரே கதையிலிருந்து வந்தவை. அக்கதையோ ஒரு துன்பியல் கதை. மன்மதன் எரிந்து சாம்பலானான். ரதி கைம்பெண்ணாகிக் கதறினாள். அப்படிப்பட்ட தம்பதியரை முன்னுதாரணமாகக் கொண்டு மணமக்களை வாழ்த்துகிறோம் என்பது யோசித்துப் பார்த்தால் வியப்பாகவே இருக்கும். ஆனால் அந்த வாழ்த்தைச் சொல்லும் முதியவருக்கு அக்கதையின் முடிவு தெரியாதென்று எண்ணிவிடக் கூடாது. மாசி மாதத்து இரவுகளில் அதனை அவர் முழுமையாகக் கண்டவர். பலர் வேடம் கட்டி ஆடியவர்கள்.

நாம் குறிப்பிடுவது காமன் கூத்தையாகும். பொன்னர் சங்கர், அருச்சுனன் தபசு ஆகிய இரண்டுடன் சேர்த்து மலையகத் தமிழரின் மூன்று பெருங்கூத்துகளாக இது எண்ணப்படுகின்றது. பதுளை, பசறை, லுணுகலை, மடுல்சீமை, நமுனுகலை, பண்டாரவளை, ஹப்புத்தளை எனப் பரந்து கிடக்கும் ஊவாத் தோட்டங்களில் இக்கூத்தை அறியாத முதியவரைக் காண்பது அரிது. ஏடுகளிலும் மேடைகளிலும் போற்றப்படும் எத்தனையோ நாடகங்கள் வாழ்க்கைக்கு வெளியே நின்றுவிட, ஏட்டையும் மேடையையும் அதிகம் நம்பாத இக்கூத்து அன்றாட வாழ்க்கைக்குள்ளேயே தங்கிவிட்டது. அதற்கான காரணத்தை ஆராய்வது பயனுடையது.

கதையை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அசுரரின் கொடுமையால் தேவர்கள் அல்லற்படுகின்றனர். அக்கொடுமையை முடிக்கச் சிவகுமாரன் பிறக்க வேண்டும். சிவனோ யோகத்தில் ஆழ்ந்திருக்கிறார். யோகத்தைக் கலைக்க வல்லவன் மலர்க்கணையும் கரும்பு வில்லும் உடைய மன்மதன் ஒருவனே என்று தேவர்கள் முடிவு செய்கின்றனர். ஓலை வருகிறது. தீய கனவு கண்ட ரதி, போக வேண்டாம் என்று தடுக்கிறாள். வாதாடுகிறாள், அழுகிறாள். மன்மதன் போகிறான். கணை பாய்கிறது, நெற்றிக்கண் திறக்கிறது, அவன் சாம்பலாகிறான். ரதியின் புலம்பலுக்கு இரங்கிய சிவன், இனி அவன் ரதியின் கண்ணுக்கு மட்டும் உருவத்தோடு தோன்றுவான் என்று வரமளிக்கிறார். உடலற்றவன் என்னும் பொருளில் 'அனங்கன்' என்ற பெயர் அவனுக்கு வந்தது இவ்வாறே.

இது புதிய கதையன்று. காளிதாசரின் குமாரசம்பவத்தில் நான்காம் சருக்கம் முழுவதும் ரதியின் புலம்பலே. தமிழில் கச்சியப்ப சிவாச்சாரியாரின் கந்தபுராணத்தில் காமதகனப் படலம் என ஒரு படலமே உண்டு. மயிலாடுதுறைக்கு அண்மையிலுள்ள திருக்குறுக்கை, காமனை எரித்த தலமாக அட்டவீரட்டத் தலங்களுள் ஒன்றாக விளங்குகின்றது. தமிழகத்துக் கிராமங்களில் மாசி மாதத்தில் காமன் பண்டிகை கொண்டாடும் வழக்கமும், காமன் எரிந்தானா இல்லையா என்று 'எரிந்த கட்சி', 'எரியாத கட்சி' எனப் பிரிந்து லாவணி பாடும் மரபும் நெடுங்காலமாக இருந்து வந்துள்ளன.

அந்தக் கிராமங்களிலிருந்தே பத்தொன்பதாம் நூற்றாண்டின் இருபதுகள் தொடங்கி மக்கள் இலங்கையின் கோப்பித் தோட்டங்களுக்கு வந்தனர். கோப்பி நோயால் அழிந்து தேயிலை பரவிய காலத்தில் வருகை மேலும் பெருகியது. திருச்சி, சேலம், தஞ்சை, புதுக்கோட்டை, மதுரை, இராமநாதபுரம் முதலிய பகுதிகளிலிருந்து வந்தவர்களே அவர்களில் பெரும்பாலோர். பதுளைக்குப் புகையிரதம் வந்து சேர்ந்தது 1924 இல். அதற்கு முன் ஊவாவின் தொலைத் தோட்டங்களை அடைய நீண்ட நடை நடந்தவர்கள் மூட்டையில் எதைக் கொண்டு வந்திருக்க முடியும்? பாத்திரமும் துணியும் போக, மனதில் சுமந்து வந்தவை தெய்வங்களும் பாட்டுகளும் கதைகளுமேயாகும். அவற்றுள் ஒன்று ரதி மன்மதன் கதை.

கூத்து நடைபெறும் முறையையும் இளைய தலைமுறை வாசகர்களுக்காகக் குறிப்பிட வேண்டும். மாசி மாதத்து அமாவாசைக்குப் பின் பிறை தெரியும் நாட்களில் 'காமன் பொட்டல்' எனப்படும் திடலில் கம்பம் ஊன்றப்படும். கரும்பு, ஆமணக்குத் தண்டு, வைக்கோற் பிரி, வரட்டி முதலியவற்றைக் கொண்டு இக்கம்பம் அமைக்கப்படுகின்றது. தோட்டத்துக்குத் தோட்டம் முறை சற்று மாறுபடும். காப்புக் கட்டி வேடம் ஏற்பவர்கள் விரதம் காப்பர். பகலில் கவ்வாத்து வெட்டியவரும் கொழுந்து நிறுத்தவரும் இரவில் மன்மதனாகவும் ரதியாகவும் இந்திரனாகவும் ஓலைத் தூதனாகவும் மாறுவர். ரதி வேடத்தையும் ஆணே புனைவது மரபு. ரதியும் மன்மதனும் லயன்களின் வாசல் தோறும் ஆடிச் செல்ல, வீட்டார் ஆரத்தி எடுத்துக் காணிக்கை இடுவர். பௌர்ணமியை ஒட்டி இறுதி இரவு வரும். வீரபத்திரன் முதலிய வேடங்கள் ஒவ்வொன்றாகத் தோன்ற, தப்பின் அடி மாற, விடியுமுன் கம்பம் எரிக்கப்படும். அதன் பின்னர் ஒரு நாளில் காமனை உயிர்ப்பிக்கும் சடங்கு நடைபெறும். அத்துடன் கூத்து நிறைவு பெறும்.

இதில் மேடை இல்லை, திரை இல்லை, நுழைவுச் சீட்டும் இல்லை. பார்ப்பவர், ஆடுபவர் என்ற பிரிவுகூட உறுதியானதன்று. ஒருவர் வேடம் கட்டினால் அவர் வீட்டார் அனைவரும் விரதத்தில் பங்கு கொள்கின்றனர். குழந்தைப் பேறு வேண்டி நேர்த்தி வைப்பவர்களும் உண்டு. காமன் பொட்டல் என்பது சில தோட்டங்களில் ஆண்டு முழுவதும் இடப்பெயராகவே வழங்குகின்றது. கூத்து முடிந்த பின்னரும் சிறுவர்கள் தகரத்தைத் தட்டி ரதி மன்மதன் ஆடிக் கொண்டிருப்பார்கள். இவ்வாறுதான் ஒரு நாடகம் அன்றாட வாழ்வின் பகுதியாகின்றது.

ஆயினும், வழக்கம் என்பதொன்றே ஒரு கதையை இருநூறு ஆண்டுகள் காப்பாற்றிவிடாது. கொண்டு வந்தவற்றில் எத்தனையோ கதைகள் மறைந்துவிட்டன. இக்கதை நிலைத்ததற்குக் காரணம் அதன் துன்பத்தின் தன்மையிலேயே இருக்கின்றது என்பது எமது கருத்து.

மன்மதன் அறியாமையால் இறந்தவனல்லன். போனால் என்ன நேரும் என்பது அவனுக்குத் தெரியும். கந்தபுராணத்தில் அவன் முதலில் மறுக்கிறான். மறுத்தால் சாபம் என்று அச்சுறுத்தப்படுகிறான். கூத்திலும் ரதி தன் கனவைச் சொல்லித் தடுக்கும்போது அவன் அதனைப் பொய்யென்று ஒதுக்குவதில்லை. ஓலை வந்துவிட்டது, போகாமல் இருக்க முடியாது என்பதே அவன் நிலை. வேலை தேவர்களுடையது. பயன் தேவர்களுக்கு. எரிபவன் மட்டும் அனுப்பப்பட்டவன். எச்சரிக்கை கிடைத்தும் மறுக்க வழியில்லாதவனின் அழிவு இது. கிரேக்கத் துன்பியல் நாடகங்களில் நாயகன் பெரும்பாலும் தன் தவறாலோ, தான் அறியாத உண்மையாலோ வீழ்கிறான். இங்கே தவறும் இல்லை, அறியாமையும் இல்லை. ஆணை மட்டுமே இருக்கிறது.

தோட்ட வாழ்க்கையில் ஆணைக்கு உள்ள இடத்தை அறிந்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவைப்படாது. விடியற்காலையில் பிரட்டுக்கு ஆள் அழைக்கத் தட்டப்பட்டதும் தப்புத்தான். மாசியில் மன்மதனை ஆட்டுவிப்பதும் அதே தப்புத்தான். பெற்றோரின் முடிவும் பெரிய கங்காணியின் பற்றுச்சீட்டும் துரையின் உத்தரவும் ஒரு மனிதனின் போக்கையும் வரவையும் தீர்மானித்த காலம் நெடியது. 1948 இல் குடியுரிமை பறிக்கப்பட்டது. 1964 ஒக்டோபரில் கைச்சாத்தான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் 9 இலட்சத்து 75 ஆயிரம் பேரின் கதி பேசப்பட்டது. அவர்களுள் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியா ஏற்பதென்றும் 3 இலட்சம் பேரை இலங்கை ஏற்பதென்றும் எழுதப்பட்டது. எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேரின் விடயம் பின்னர் பார்க்கலாம் என்று விடப்பட்டது. அந்த ஓலையைப் பற்றி அவர்களிடம் யாரும் கேட்கவில்லை. பதுளைப் புகையிரத நிலைய மேடையில் கட்டியணைத்து அழுது பிரிந்த குடும்பங்கள் எத்தனை என்பதைக் கணக்கில் அடக்க முடியாது. நாடற்றவர் பிரச்சினைக்குச் சட்டரீதியான முடிவு காண 2003 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் வரை காத்திருக்க நேர்ந்தது.

இக்கட்டுரையாளர் சிறுவனாயிருந்த எண்பதுகளின் தொடக்கத்தில், பசறை வழியிலுள்ள தோட்டமொன்றில் இறுதி இரவைக் காணும் வாய்ப்புக் கிட்டியது. கம்பம் எரிந்து தணிந்த பின் ரதி கைம்மைக் கோலத்தில் வந்து புலம்பத் தொடங்கியதும், முன்வரிசையில் கம்பளியைப் போர்த்தி அமர்ந்திருந்த மூதாட்டி ஒருவர் ரதியோடு சேர்ந்து ஒப்பாரி வைக்கலானார். அவர் பாடியது மன்மதனைப் பற்றியன்று. கப்பலேறிப் போன தம் மகளைப் பற்றியது. அவரைத் தடுக்க எவரும் முயலவில்லை. ரதியாக ஆடியவரும் தம் பாட்டைச் சற்று நிறுத்தி, அவர் முடிக்கும் வரை காத்திருந்து, பின்னரே தொடர்ந்தார். கூத்தில் ஏதோ தவறு நேர்ந்துவிட்டதென்று சிறுவனான நான் அப்போது எண்ணினேன். அந்த இடைவெளியும் கூத்தின் பகுதியே என்பதைப் புரிந்துகொள்ளப் பல ஆண்டுகள் சென்றன.

தொல்காப்பியர் எண்வகை மெய்ப்பாடுகளுள் அழுகையை ஒன்றாக வைத்து, அது தோன்றும் களங்கள் நான்கென வகுத்தார். பிறரால் இகழப்படும் இளிவு, உயிரையோ உடைமையையோ பறிகொடுக்கும் இழவு, முன்னைய நிலையிலிருந்து தாழும் அசைவு, துய்க்க எதுவுமற்ற வறுமை என்பனவே அந்நான்கு. இந்நான்கையும் ஒருசேர அறிந்த ஒரு சமூகத்தைத் தேடுபவர் தேயிலை மலைகளுக்கு வரலாம். ரதி அழுவது இழவுக்காக மட்டுமே. ஆனால் அவள் அழத் தொடங்கும்போது, பார்த்திருப்பவர்கள் நான்குக்காகவும் அழுகிறார்கள்.

அண்மைக் கால நிகழ்வொன்றும் இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது. 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி காலை கொஸ்லந்தை, மீரியபெத்தையில் மலை சரிந்து லயன் குடியிருப்புகளை மூடியது. அப்பகுதி அபாயமுடையது என்று முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தது என்பது அதன் பின்னர் பரவலாகப் பேசப்பட்டது. எச்சரிக்கை இருந்தது, செல்வதற்கு வேறிடம் இருக்கவில்லை. மக்கள் அறியாமையால் அங்கு தங்கினர் என்று தொலைவிலிருந்து கூறுவது எளிது. ரதியின் கனவை மன்மதன் கேட்டான் என்பதை அறிந்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

இக்கூத்து சைவப் புராணக் கதையையும் சடங்கையும் அடிப்படையாகக் கொண்டது. எனவே முஸ்லிம் வாசகர்களுக்கு இதில் என்ன தொடர்பு என்ற வினா எழலாம். பதுளை, பசறை, லுணுகலை, வெலிமடை போன்ற நகரங்களில் முஸ்லிம் வர்த்தகர்களும் தோட்ட மக்களும் தலைமுறைகளாக அன்றாடம் முகம் பார்த்து வாழ்பவர்கள். ஒரே மொழியில் பேரம் பேசி, ஒரே மொழியில் துக்கம் விசாரிப்பவர்கள். சடங்கில் பங்குகொள்வது அவரவர் நம்பிக்கையைப் பொறுத்தது. கதையின் துயரை விளங்கிக்கொள்ள மொழியே போதும். மேலும், தமிழ் நாடக மரபில் முஸ்லிம்களுக்கும் உரிய இடமுண்டு. அலிபாதுஷா நாடகம் போன்றவை தமிழில் எழுந்து ஆடப்பட்டவை. கிஸ்ஸா, படைப்போர், முனாஜாத்து என முஸ்லிம் புலவர்கள் தமிழுக்கு வழங்கிய வடிவங்களில் துன்பமும் வேண்டுதலும் நிறையவே உள்ளன. உலகளவில் பார்த்தால், கர்பலாவின் துயரை ஆண்டுதோறும் திறந்த வெளியில் நடித்துக் காட்டும் ஈரானின் தஃஸியா என்னும் நாடக வடிவம், 2010 இல் யுனெஸ்கோவின் மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. நம்பிக்கையாலும் வரலாற்றாலும் முற்றிலும் வேறுபட்டவையாயினும், ஆண்டுக்கு ஒருமுறை ஒரு சமூகம் ஒன்றுகூடி அழுவதற்கு நாடகத்தை நாடுகின்றது என்ற ஒற்றுமை கவனத்துக்குரியது.

இக்கூத்தின் குறைகளையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். தப்பு அடிப்பவர் இல்லாமல் காமன் கூத்து இல்லை. ஆனால் அதனை அடித்தவர்கள் சாதியின் பெயரால் தாழ்வாக நடத்தப்பட்டனர். அந்த இழிவைத் தம் பிள்ளைகளும் சுமக்க வேண்டாம் என்று எண்ணித் தப்பைக் கைவிட்ட குடும்பங்களை நாம் குறைகூற முடியாது. கலையை மதித்துக் கலைஞனை மதிக்காத சமூகம், கலை அழிகிறதே என்று வருந்துவதில் பொருளில்லை. அதேபோல், ஒரு பெண்ணின் துயரை மையமாகக் கொண்ட கூத்தில் பெண்ணுக்கு வேடம் இல்லை என்பதும் முரண்பாடே. ஒப்பாரியின் சொல்லும் இராகமும் பெண்களுடையவை. அவற்றை ஆண் கடன் வாங்கி ஆடுகிறான்; உரியவள் ஓரத்தில் அமர்ந்து பார்க்கிறாள்.

சூழ்நிலையும் மாறிவிட்டது. லயன்களின் வரிசையை நம்பி அமைந்தது வாசல் தோறும் ஆடும் முறை. தனி வீடுகள் பெருகுவது வரவேற்கத்தக்கதே. ஆனால் வாசல்கள் தொலைவாகின்றன. இளைஞர்கள் கொழும்புக்கும் வெளிநாடுகளுக்கும் வேலைக்குச் செல்கின்றனர். ஏறத்தாழ இரு வாரம் விரதமிருந்து இரவு முழுதும் ஆட விடுமுறை எடுத்து வருவது எளிதன்று. இதனால் சில இடங்களில் கூத்து ஓரிரு இரவுகளாகச் சுருங்குகின்றது. விழா மேடைகளில் அரை மணி நேரத்துக்குள் அடக்கப்படும்போது, வண்ண உடையும் தப்பின் வேகமும் மிஞ்ச, ரதியின் புலம்பல்தான் முதலில் வெட்டப்படுகின்றது. மேடையில் அழுகைக்கு நேரம் ஒதுக்க எவரும் விரும்புவதில்லை. புலம்பல் போனால் எஞ்சுவது எரியும் கம்பம் மட்டுமே.

செய்யத்தக்கவை பெரும் பணம் வேண்டுபவை அல்ல. கூத்து மாஸ்டர்களின் கையிலிருக்கும் பாட்டுக் கொப்பிகளையும் நினைவிலிருக்கும் பாடல்களையும் ஒலியாகவும் எழுத்தாகவும் பதிவு செய்ய வேண்டும். ஒரு தோட்டத்துப் பாடமே சரியென்று கொள்ளாமல், வேறுபாடுகளோடு அவற்றைச் சேகரிக்க வேண்டும். பாடசாலைகளில் நாடகமும் அரங்கியலும் ஒரு பாடமாக உள்ளது. ஊவாவில் அதனைக் கற்கும் மாணவர் ஒவ்வொருவரும் தம் தோட்டத்து முதியவர் ஒருவரிடம் ஒரு காட்சியையாவது கேட்டு எழுதினால், சில ஆண்டுகளில் பெரும் தொகுதி ஒன்று உருவாகிவிடும். இலங்கையின் ருக்கட நாட்டிய எனப்படும் நூற்பாவைக் கூத்து 2018 இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்க்கப்பட்டது. அம்பலாங்கொடைக் கலைஞர்களின் கலை நாட்டின் பெருமையாயிற்று என்பதில் நமக்கு மகிழ்ச்சியே. மலையகக் கூத்துகளும் இந்நாட்டின் மரபுரிமையே என்ற ஏற்பு அரச மட்டத்திலும் உறுதியாக வர வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, தப்புக் கலைஞருக்குரிய மரியாதை முதலில் தோட்டத்துக்குள்ளிருந்தே வர வேண்டும். விரும்பும் பெண்கள் ரதியாக ஆடுவதற்கு இடமும் கொடுக்க வேண்டும்.

மீண்டும் அந்தத் திருமண வாழ்த்துக்கு வருவோம். ரதியும் மன்மதனும் போல வாழுங்கள் என்று வாழ்த்தும் முதியவர் அழகை மட்டுமா நினைக்கிறார்? கம்பம் எரிந்த பின்னரும் கூத்து முடிவதில்லை என்பது அவருக்குத் தெரியும். சாம்பலிலிருந்து காமன் எழும் நாளும் உண்டு. அவன் எல்லோர் கண்ணுக்கும் தெரிவதில்லை. அவனுக்காக அழுதவளின் கண்ணுக்கு மட்டுமே தெரிகிறான். பிரிவையும் இழப்பையும் தாண்டி ஒருவரையொருவர் காண வல்லவர்களாக இருங்கள் என்பதே அவ்வாழ்த்தின் பொருளாக இருக்கலாம்.

ஊவாவில் மாசி மாதம் வடகீழ்ப் பருவ மழை ஓய்ந்த காலம். வானம் வெளித்திருக்கும், பிறை தெளிவாகத் தெரியும். வரும் மாசியில் எத்தனை பொட்டல்களில் கம்பம் ஊன்றப்படும் என்பது தோட்டத்து இளைஞர்களின் கையில் இருக்கின்றது. அருகிலிருக்கும் வாசகர்கள், எந்தச் சமயத்தவராயினும், ஒரிரவு சென்று பாருங்கள். கம்பம் எரிந்ததும் எழுந்து வந்துவிடாதீர்கள். ரதி அழுது முடிக்கும் வரை இருந்து வாருங்கள்.